பிள்ளை எந்தக் கரையில்?

உங்கள் லயத்தில் எத்தனை வீட்டு மகன்களும் மகள்களும் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அந்த வீடுகளில் எத்தனை வீட்டில் தாத்தா பாட்டியிடம் ஒரு சின்னப் பிள்ளை விடப்பட்டிருக்கிறது என்பதையும் எண்ணுங்கள். கூலாய்க்குப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், எங்கள் வரிசையில் மட்டும் மூன்று பிள்ளைகள் அப்படி இருந்தார்கள். நான்காவதாக என் மகனும் இருந்திருக்க வேண்டியவன். எப்படித் தப்பினான் என்பதைத்தான் சொல்ல வந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தால் தப்பினான் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் சிங்கப்பூரில் நிரந்தரவாசிகள். உட்லண்ட்ஸில் ஒரு கழக வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம், பத்தாவது மாடியில். 2019 அக்டோபரில் மகன் பிறந்தான். பத்தியம் பார்க்க அம்மா தோட்டத்திலிருந்து வந்தார். வந்ததும் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தார். "தொட்டிலை எங்கே கட்டுறது?" என்றார். லயத்து வீட்டில் உத்திரம் உண்டு, சேலையைத் தூக்கிப் போட்டால் தொட்டில். அடுக்குமாடியில் எல்லாம் சிமெண்டு. கடைசியில் இரும்புக் கால் வைத்த ஸ்பிரிங் தொட்டில் ஒன்று வாங்கினோம். முதல் இரண்டு நாள் அம்மா அதை நம்பவே இல்லை, பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டார்.

தேக்கா சந்தையில் பால் சுறா வாங்கிவந்து புட்டு செய்தார். பிரசவ மருந்து இடித்தார். பிள்ளை அழுதால் தோளில் போட்டுக்கொண்டு மின்தூக்கி வரைக்கும் நடப்பார், திரும்புவார். முப்பது நாள் முடிந்து அவர் புறப்பட்டுப் போன அன்று இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை வீரிட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது, வெளிநாடு என்றால் என்னவென்று. என் வீட்டுக்காரருக்கு இரவு வேலை. கதவைத் திறந்தால் நீண்ட நடைபாதை, மூடிய கதவுகள். தோட்டத்தில் ஒரு பிள்ளை அந்த நேரத்தில் அழுதால், இரண்டு வீடு தள்ளி இருக்கும் கிழவியாவது "என்னாம்மா, வயிறு உப்புசமா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள் அல்லவா?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிங்கப்பூர் மருத்துவமனையில் பிறந்ததால் பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிடுவான் என்று தோட்டத்தில் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாய் தந்தையரில் ஒருவராவது அந்நாட்டுக் குடிமகனாக இருக்கவேண்டும். எங்கள் பிள்ளை மலேசியன். ஓராண்டுக்குள் ஜெர்வாய்ஸ் சாலையில் உள்ள மலேசியத் தூதரகத்தில் அவன் பிறப்பைப் பதிந்து, கடப்பிதழ் எடுத்தால்தான் அம்மாயி வீட்டுக்கே கூட்டிப்போக முடியும். அந்தப் பதிவுக்குத் தாய் தந்தையின் திருமணச் சான்றிதழ் வேண்டும். என் வீட்டுக்காரரோடு வேலை செய்த ஒருவர் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்டவர். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து மலேசியாவில் திருமணத்தைச் சட்டப்படி பதியவேண்டும் என்பது அவருக்குத் தெரியாமலில்லை, "பிறகு பார்த்துக்கலாம்" என்றிருந்தார். பத்திரங்களுக்காக அலைந்து முடிப்பதற்குள் அவர் பிள்ளை தவழத் தொடங்கிவிட்டது. அதுவரை பாட்டி அதைப் படத்தில்தான் பார்த்தார்.

குடியுரிமை இல்லாததால் வேறு சிலவும் கையைவிட்டுப் போகும். பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால் வேலைக்குப் போகும் தாய்க்கு 16 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. எனக்கு 12 வாரம்தான், அதில் முதல் 8 வாரத்துக்கே சம்பளம். குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் இரண்டு மாதப் பிள்ளையையும் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அரசாங்கத்தின் உதவித்தொகை குடிமக்களின் பிள்ளைகளுக்குத்தான். நாங்கள் முழுக் கட்டணம் கட்டவேண்டும். கணக்குப் போட்டோம். என் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போனது. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களின் நிலைமை இன்னும் மோசம். அவர்களால் குடும்பத்தை அழைத்து வரவே முடியாது. எங்கள் புளோக்கில் அறை வாடகைக்கு இருந்த ஒரு சகோதரி அப்படிப்பட்டவர். ஈப்போ பக்கத்துக்காரர். அவர் தன் ஆறு மாதப் பெண் குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு 2020 புத்தாண்டுக்கு மறுநாள் வேலைக்குத் திரும்பினார்.

நான் ஜனவரியில் வேலைக்குத் திரும்பினேன். அம்மா தினமும் தொலைபேசியில் ஒரே பேச்சு: "கொண்டாந்து எங்கிட்ட விடு. நான் உங்களையெல்லாம் ஆயக்கொட்டகையில போட்டுட்டுப் பால்மரம் வெட்டப் போகலியா? நீங்க வளரலியா?" அது உண்மைதான். விடியுமுன் பெரட்டுக்குப் போகிற வழியில் எங்களைத் தூக்கத்தோடு தூக்கத்தோடு ஆயாவிடம் கொடுத்துவிட்டுப் போவார். வரிசையாகத் தொட்டில்கள், ஒரு ஆயா எத்தனை கயிற்றைத்தான் ஆட்டுவாள்! ஆனால் மதியம் பால் நிறுத்து முடிந்ததும் அம்மா வந்துவிடுவார். சேலையில் ரப்பர் பால் வாடையோடு தூக்குவார். அந்த வித்தியாசத்தை அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2020 பிப்ரவரி 8, தைப்பூசம். சிங்கப்பூரில் 1968 முதல் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை கிடையாது. அந்த ஆண்டு அது சனிக்கிழமையில் வந்ததால் எங்களுக்கு வசதியாயிற்று. தோட்டத்துக்குப் போனோம். பிள்ளையை விட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்துதான் போனோம். அவன் துணிமணி, பால் போத்தல் எல்லாம் தனிப் பையில். ஞாயிறு மாலை அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் பேருந்துக்கு நடந்தேன். பத்தடி போயிருப்பேன், சட்டை நனைந்துவிட்டது. பால். பிள்ளை பெற்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. திரும்பி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன். "சித்திரை வருசப் பிறப்புக்கு வரும்போது கட்டாயம் விடுறேம்மா" என்றேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை, தனிப் பையைத் தூக்கிக்கொண்டார்.

சித்திரை வருவதற்குள் பாலம் மூடிவிட்டது. மார்ச் 16 இரவு மலேசியப் பிரதமர் அறிவித்தார், 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. இடைப்பட்ட அந்த ஒரு நாளில் ஜொகூர் பாருவிலிருந்து பெட்டியும் தலையணையுமாக வேலையாட்கள் சிங்கப்பூருக்குள் வந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். இரண்டு வாரத்துக்கு என்று வந்தவர்கள் அவர்கள். ஜொகூர் பாலத்தின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். 1924-இல் திறந்தது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் அக்கரை விளக்குகள் தெரியும். பேரனைப் பார்க்க அம்மாவால் வரமுடியவில்லை. நாங்கள் தோட்டத்துக்குப் போகலாம், திரும்பி வேலைக்கு வர வழியில்லை.

ஈப்போ பக்கத்துச் சகோதரியை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்டு 17 முதல் வேலை அனுமதி உள்ளவர்கள் வீட்டுக்குப் போய்வர ஓர் ஏற்பாடு வந்தது. போனால் அங்கே தனிமைப்படுத்தல், வந்தால் இங்கே தனிமைப்படுத்தல். அத்தனை நாளுக்கு அவர் வேலை செய்த இடத்தில் விடுப்புக் கொடுக்கவில்லை. 2021 நவம்பர் 29-இல் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பேருந்து விட்டார்கள், தொடக்கத்தில் ஒரு திசைக்கு நாளொன்றுக்கு 1,440 பேர். டிசம்பரில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. மகளுக்குச் சட்டை வாங்கினார். அளவு தெரியவில்லை, மூன்று அளவில் வாங்கினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தை பாட்டியின் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, யாரு இது?" என்று பாட்டியிடம் கேட்டதாம்.

அந்தப் பாட்டியைக் குறை சொல்லாதீர்கள். அவர் சொல்லிக் கொடுத்த 'அம்மா' அல்ல அது. வாயில் சோறு ஊட்டுகிறவளை அம்மா என்று அழைப்பது பிள்ளையின் இயல்பு. அந்தச் சகோதரி பிறகு சிங்கப்பூர் வேலையை விட்டு ஜொகூர் பாருவில் ஒரு வேலை தேடிக்கொண்டார். அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வரவில்லை. தாயையும் சேர்த்து அழைத்துவந்து இரண்டு மாதம் கூடவே வைத்துக்கொண்டார். முதலில் குளிப்பாட்டுவது மட்டும் தன் பொறுப்பு, பிறகு சோறு ஊட்டுவது, கடைசியில் தூங்க வைப்பது. பாட்டி திரும்பிப் போனபோது குழந்தை அழுதது. பாட்டியும்தான். ஊரில் அந்தக் கிழவி தொட்டில் சேலையை அவிழ்க்காமல் வெகு நாள் வைத்திருந்தாராம்.

என் மகன் என்னிடமே இருந்தான். ஆனால் அவனுக்கும் ஒன்று நட்டப்பட்டது, அது அம்மாயி. தொலைபேசியில் படத்தோடு பேசலாம் என்பது உண்மை. அம்மா தினமும் இரவில் அழைப்பார். "அம்மாயிக்கு முத்தம் குடு. வணக்கம் சொல்லு. பாட்டுப் பாடு." அவன் ஓடிப்போய் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வான். அம்மா முகம் சுருங்கும். எனக்குக் கோபம் வரும், அவன் மேல் காட்டுவேன். பராமரிப்பு நிலையத்தில் ஆங்கிலம்தான் பேச்சு, அம்மா கேட்பது அவனுக்குப் பாதி புரியவுமில்லை.

ஒருநாள் கோழி அடைக்கிற நேரத்தில் அழைப்பு வந்தது. அம்மா தொலைபேசியைத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு, "பா... பா... பா..." என்று கோழிகளைக் கூப்பிடப் போய்விட்டார். மகன் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். அன்றிலிருந்து அதுதான் நேரம். கேள்வி கிடையாது, முத்தம் கிடையாது. அம்மா தன் வேலையைச் செய்வார். அரிசி புடைப்பார், கீரை ஆய்வார், சேவலைத் திட்டுவார். இவன் இங்கே சோறு தின்றுகொண்டே பார்ப்பான். சேவலைத் திட்டும் வார்த்தைகள்தான் அவன் முதலில் கற்ற தமிழ் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தமிழ் நாங்களும் பேசினோம், நூலகத்தில் தமிழ்ச் சிறுவர் புத்தகங்களும் படித்துக் காட்டினோம். ஆனால் சேவலுக்கு ஈடாகவில்லை.

2022 ஏப்ரல் முதல் தேதி எல்லை முழுதாகத் திறந்தது. அடுத்த வாரமே போனோம். அவனுக்கு இரண்டரை வயது. எதிர்பார்த்தபடியே என் பின்னால் ஒளிந்தான். அம்மா கை நீட்டவில்லை. வாசலில் குந்தி, உமியும் சோறும் கலந்த தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே "பா... பா... பா..." என்றார். கோழிகள் வந்தன. அவனும் வந்தான்.

2023-இல் எங்களுக்கு மகள் பிறந்தாள். அம்மா மறுபடி பத்தியம் பார்க்க வந்தார். லார்க்கினில் பேருந்து ஏறி, இரண்டு சோதனைச் சாவடியும் தாண்டி, மகன் எதிரே ஓடி வர மின்தூக்கியிலிருந்து இறங்கினார். இந்த முறை "எங்கிட்ட விடு" என்று அவர் சொல்லவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றியதும் கேட்டார்: "அந்த இரும்புத் தொட்டிலை எங்கே வச்சிருக்கே?"