ரோஸ் கலர் பபிள் ஷீட்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் போர்டு வாங்கினால், சில கடைகளில் ரோஸ் கலர் பபிள் ஷீட்டில் சுற்றித் தருவாங்களே, அந்த நிறம் சும்மா அழகுக்கா? இல்லைங்க! சாதாரண பபிள் ஷீட் உரசினாலே நிலைமின்சாரம் சேரும். நம்ம விரலுக்கே தெரியாத ஒரு சின்னப் பொறி போதும், சிப் காலி. ரோஸ் ஷீட்டில் கலந்திருக்கிற ரசாயனம், காற்றின் ஈரத்தை இழுத்து அந்த மின்சாரத்தைத் தங்கவிடாது. நம்ம மயிலாப்பூர் புழுக்கம் இதுக்காவது உதவுதே! ஏசி ரூமில் அவ்வளவு பலிக்காது. ஆனா, வெளியிலிருந்து பாயும் பொறியை ரோஸ் ஷீட் தடுக்காது. அதுக்கு, பளபளன்னு இருக்குமே வெள்ளி நிறக் கவர், அதுதான். போர்டை முதலில் அதற்குள் போட்டு மூடுங்க, மேலே பபிள் ஷீட்டைச் சுற்றுங்க. பரணில் வருஷக்கணக்காகக் கிடந்த ஷீட் மட்டும் வேண்டாம். அந்த ரசாயனத்துக்கு வீரியம் போயிருக்கும்.