வெக்டர் படத்தில் மெஷ் கிரேடியன்ட்

வெக்டர் ஓவியத்தில் ஒரு வடிவத்துக்குள் நிறம் மெல்ல மாறிச் செல்லும்படி நிரப்புவதைக் கிரேடியன்ட் என்பார்கள். நேர்கோட்டில் மாறினால் லீனியர். நடுவிலிருந்து வட்டமாகப் பரவினால் ரேடியல். குழாய்க்கும் பந்துக்கும் இவை போதும். மாம்பழத்துக்குப் போதாது. காம்படியில் பச்சை, ஒரு தோளில் சிவப்பு, வயிற்றில் மஞ்சள் என்று அதன் நிறம் பல திசைகளில் ஓடுகிறது. இப்படிப்பட்ட பொருள்களுக்கு உதவுவது மெஷ் கிரேடியன்ட். அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் 1998இல் வெளியான 8ஆம் பதிப்பிலும், இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் 2017இல் வெளியான 0.92 பதிப்பிலும் இது சேர்ந்தது. கோரல்டிராவில் இதன் பெயர் மெஷ் ஃபில்.

வடிவத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கோட்டுவலை விரிகிறது. கோடுகள் வெட்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கொடுக்கலாம். இடைப்பட்ட கட்டத்தின் நிறத்தை மென்பொருள் கணக்கிட்டு நிரப்பும். கட்டத்தின் ஓரங்கள் கைப்பிடிகளால் வளைக்கக்கூடிய பெசியர் வளைவுகள் என்பதால், புள்ளியின் கைப்பிடியை இழுத்தால் நிறமும் கூடவே வளையும். நான்கு வளைவுகளுக்கு நடுவே ஒரு பரப்பை நிரப்பும் கணிதத்தை 1960களில் எம்.ஐ.டி.யின் ஸ்டீவன் கூன்ஸ் உருவாக்கினார். அவர் நினைத்தது ஓவியத்தை அல்ல, பொறியியல் வடிவமைப்பை.

இல்லஸ்ட்ரேட்டரில் யு விசையை அழுத்தினால் மெஷ் கருவி வரும். வடிவத்துக்குள் சொடுக்கும் இடத்தில் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாகக் கோடுகள் விழும். புகைப்படத்தை அடியில் வைத்து, ஐட்ராப்பரால் அதிலிருந்தே நிறத்தை எடுத்துப் புள்ளிக்குத் தரலாம். புதியவர்கள் இங்கேதான் அளவு மீறுகிறார்கள்: திருப்தி வராத இடமெல்லாம் சொடுக்கி, வலையைச் சிக்கலாக்கிவிடுகிறார்கள். ஒரு கோடு சேர்ந்தால் அது வடிவத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஓடும். அதிலுள்ள புள்ளிகள் அனைத்தையும் சரிசெய்தாக வேண்டும். பழத்தின் வளைவோடு போகும் சில கோடுகளில் தொடங்குவதே நல்லது. பளபளப்பின் ஓரம்போல நிறம் சட்டென்று மாறும் இடத்தில் மட்டும் இரண்டு கோடுகளை நெருக்கி வைத்தால் போதும்.

எழுத்தும், நடுவே ஓட்டையுள்ள வடிவமும் நேரடியாக மெஷ்ஷை ஏற்பதில்லை. மெஷ்ஷாக மாறிய வடிவத்தைப் பழையபடி ஆக்குவதும் சுலபமல்ல. ஆகவே மாற்றுமுன் ஒரு நகல் எடுத்துவைக்க வேண்டும். இணையத்தில் வெக்டர் படங்களுக்கான எஸ்விஜி தரத்தின் 2ஆம் பதிப்புக்கு முன்மொழியப்பட்ட மெஷ் பின்னர் நீக்கப்பட்டது. பிரவுசர்கள் அதைத் தாமாகக் காட்டுவதில்லை. இணையத்துக்கு பிஎன்ஜியாகவும் அச்சுக்கு பிடிஎஃப்பாகவும் சேமிப்பதே பாதுகாப்பு.