ஒரு ரொட்டியின் கதை!

உலக மேப்பை எடுங்க ஃப்ரெண்ட்ஸ்! இத்தாலியோட பூட்ஸ் காலுக்குக் கீழே சிசிலி தெரியுதா? அதுக்கும் தெற்கே, பேனா முனையால புள்ளி வெச்ச மாதிரி ஒண்ணு இருக்கும். அதான் மால்டா! மொத்தப் பரப்பளவே 316 சதுர கிலோமீட்டர்தான். ஆனா, மத்தியதரைக் கடல்ல கப்பல் விட்டவங்க எல்லாருக்கும் இந்தப் புள்ளி மேல ஒரு கண்ணு. வந்தவங்க போயிட்டாங்க... அவங்க சாப்பாடு மட்டும் தட்டுலயே தங்கிடுச்சு!

ஹிஸ்டரின்னாலே ஓடற இன்ஜினீயரிங் பார்ட்டி நான். ஆனா, இந்த ஊர் மெனு கார்டைப் படிச்சா வரலாறு தன்னால மண்டையில ஏறுது!

870-ல தீவைப் பிடிச்சாங்க அரேபியர்கள். பேரீச்சம்பழத்தை மாவுக்குள்ள வெச்சு எண்ணெயில பொரிக்கிற 'இம்அரெட்' அவங்க வழி வந்த இனிப்பு. மக்ரோனியை மாவு உறைக்குள்ள அடைச்சு வேகவைக்கிற 'திம்பானா', சிசிலி சொந்தம். 1530-ல வந்த புனித ஜான் சபை வீரர்கள், முயல் வேட்டைக்குக் கட்டுப்பாடு போட்டாங்க. விடுவாங்களா மால்டாக்காரங்க? ஒயினும் பூண்டும் சேர்த்துக் கொதிக்கிற முயல் குழம்புதான் இன்னிக்கு அங்கே தேசிய உணவுன்னு பேர் வாங்கியிருக்கு! 1800-லேர்ந்து 1964 வரைக்கும் இருந்த பிரிட்டிஷ்காரங்க விட்டுட்டுப் போனது, பால் ஊத்தின டீ. ரிகோட்டா சீஸோ, மசிச்ச பட்டாணியோ வெச்ச மொறுமொறு 'பாஸ்திட்சி'யைக் கடிச்சுக்கிட்டே, கண்ணாடி டம்ளர்ல டீ குடிக்கிறது அவங்களுக்குத் தனி சுகம்.

ஆனா, முக்கியமான மேட்டர் இதெல்லாம் இல்லை... ரொட்டி!

மால்டா மொழியில ரொட்டிக்கு 'ஹோப்ஸ்'னு பேரு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? வளைகுடாவுல வேலை பார்க்கிற அண்ணன் யாரையாவது கேளுங்க. அவர் சாப்பிடற 'குபூஸ்'தான்! ரெண்டுக்கும் ஒரே அரபுச் சொல்தான் வேர்.

இந்த ரொட்டிக்காக உயிரே போயிருக்கு. முதல் உலகப் போர் முடிஞ்ச நேரம், ரொட்டி விலை எகிறுது. 1919 ஜூன் 7... தலைநகர் வாலெட்டா தெருவுல மக்கள் கொந்தளிக்க, பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டாங்க. அந்தக் கலவரத்துல செத்துப்போனவங்க 4 பேர். ஜூன் 7 இப்போ அங்கே தேசிய தினம்.

அடுத்தது 1942. இரண்டாம் உலகப் போர். ஜெர்மனியும் இத்தாலியும் குண்டு மழை பொழியுது. உணவு ஏத்தி வர்ற கப்பல்கள் கடல்லயே மூழ்குது. ரொட்டிக்கு ரேஷன். பொதுச் சமையல்கூட வாசல்ல பாத்திரத்தோட க்யூ. ஆகஸ்ட்டுல வந்த 14 சரக்குக் கப்பல்கள்ல கரை சேர்ந்தது அஞ்சே அஞ்சு! அந்த அஞ்சுதான் தீவு சரணடையாம காப்பாத்துச்சு.

2020-ல யுனெஸ்கோ, மால்டாவோட 'ஃப்தீரா'வை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்தது. ஃப்தீரான்னா வேற ஒண்ணுமில்லை. புளிச்ச மாவுல செஞ்ச தட்டையான ரொட்டி. வெளியே முறுகலா, உள்ளே ஓட்டை ஓட்டையா மெத்துனு இருக்கும். நடுவுல தக்காளி, ஆலிவ் எண்ணெய், டூனா மீன் வெச்சு சாப்பிடுவாங்க.

'இதென்ன, வெறும் ரொட்டிதானே!'ன்னு யாராவது சொன்னா... 1919, 1942. ரெண்டே ரெண்டு வருஷத்தைச் சொல்லுங்க, போதும்!