அழித்தும் குறையாத இடம்

தெல்தோட்டையில் எமது கடைக்கு பில் போடும் மென்பொருளை எழுதித் தந்தவர் என் சகோதரியின் மகன். அண்மையில் வந்து, "மாமா, டிஸ்க் நிரம்பிவிட்டது. புதிய கம்பியூட்டர் வாங்க வேண்டும்" என்றார். சில ஆயிரம் வரி எழுத்துக்கு இவ்வளவு இடமா என்று விசாரித்தேன்.

நிரலை அவர் 'கிட்' எனும் முறையில் பதிந்து வைத்திருக்கிறார். லினக்ஸ் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் ஆக்கியது அது. எமது பேரேட்டைப் போலத்தான். எந்த நாளில் யார் எதை மாற்றினார் என்பது அதில் இருக்கும். எழுத்துக்கு அது பிடிக்கும் இடம் கொஞ்சம். பொதி கட்டும்போது வித்தியாசத்தை மாத்திரம் சுருக்கி வைக்கும்.

பிழை வேறிடத்தில் இருந்தது. சரக்குகளின் படங்களையும் தினமும் எடுக்கும் தரவுப் பிரதியையும் அதற்குள்ளேயே போட்டிருந்தார். படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, மேலும் சுருங்காது.

"அழித்துப் போடு மகன்" என்றேன். அழித்தார். இடம் திரும்பவில்லை. ரத்துச் செய்த பில்லின் அடிக்கட்டை புத்தகத்தில் கிடப்பது போல, அழித்த கோப்பும் பழைய பதிவில் கிடக்கிறது.

"அப்படியானால் பழைய பதிவு முழுவதையும் எடுத்துவிடு" என்றேன். அவர் மறுத்தார். காரணம் எனக்கும் ஞாபகம் வந்தது. முன்பொரு முறை கழிவுக் கணக்கு பிழைத்தபோது, அது எந்த நாளில் மாறியது என்று அந்தப் பதிவுதான் காட்டியது. கூடுதலாக அறவிட்ட பணத்தை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தோம்.

ஆகவே முதலில் முழுப் பிரதியொன்றை வெளி டிஸ்க்கில் எடுத்தோம். பின்னர் 'ஃபில்டர் ரெப்போ' எனும் கருவியால் பாரமான கோப்புகளை மட்டும் வரலாற்றிலிருந்து நீக்கினார். இனி அவை உள்ளே வராதிருக்க 'கிட்இக்னோர்' கோப்பில் பெயர் எழுதினார். தரவுப் பிரதிக்கு வேறு டிஸ்க். இடைக்கிடை 'கிட் ஜீசீ' கட்டளை கொடுத்தால் சிதறியவை பொதியாகும்.

பிறருடைய மென்பொருளை எடுப்போருக்கு இன்னொரு வழி உண்டு. 2004 சுனாமிக்குப் பின் எமது நாட்டு இளைஞர்கள் தொடங்கிய சஹானா போன்றவற்றின் நிரல் எவருக்கும் திறந்திருக்கிறது. பார்த்துப் பாவிக்க மட்டும் என்றால் 'டெப்த் 1' என்று கேட்டு எடுக்கலாம். கடைசி நிலை மாத்திரம் இறங்கும். இடமும் டேட்டாவும் மிச்சம். ஆனால் சொந்த நிரலுக்கு முழு வரலாறுள்ள பிரதி எங்காவது இருக்கவே வேண்டும்.

புதிய கம்பியூட்டர் வாங்கவில்லை. கடையில் இடமில்லை என்றால் வெற்றுப் பெட்டிகளை அகற்றுவோம், கணக்குப் புத்தகத்தை எறிய மாட்டோம். இதுவும் அப்படித்தான்.