ஓவியனின் விதைநெல்

விதைநெல்லை விற்றுவிட்டு விளைச்சலை எதிர்பார்ப்பார் எவருமிலர். ஆயினும் ஓவியத்தைத் தொழிலாகக் கொண்டோருட் பலர் இதனையே செய்து வருகின்றனர். சித்திரமொன்றைச் சிறு தொகைக்குக் கொடுக்கும்போது, அதனை அச்சிடும் உரிமை, துணியிற் பொறிக்கும் உரிமை, பாத்திரத்தில் இடும் உரிமை யாவற்றையும் உடன்கொடுத்துவிடுகின்றனர். பின்னர் அச்சித்திரம் கடைதோறும் விலைப்படக் கண்டு வருந்துகின்றனர். எமது கல்லூரியிலே தூரிகை பிடிக்கக் கற்று, அதனையே வாழ்க்கையாகக் கொள்ள விழையும் இளைஞர்க்குப் பயன்படுமெனக் கருதி, ஓவிய உரிமம் வழங்குந் தொழில்பற்றிச் சில கூறுவாம்.

ஓவியத்தை விற்பது வேறு. அதனைப் பயன்படுத்த இசைவளிப்பது வேறு. உரிமம் வழங்கும் ஓவியன் காணியை விற்பவனல்லன், குத்தகைக்கு விடுபவன். இன்ன பொருளுக்கு, இன்ன நாட்டில், இத்தனை ஆண்டுக்கு என வரையறுத்து இசைவளிப்பான். விற்பனையில் நூற்றுக்கு இவ்வளவு எனப் பங்கு பெறுவான். தவணை முடிந்ததும் உரிமை அவனிடமே மீளும்.

இத்தொழிலில் முன்னோக்கின் பெருமையை விளக்குதற்கு ஆங்கிலப் பெண்மணியாகிய பெயற்றிக்ஸ் பொற்றர் அம்மையாரின் வரலாறு சாலும். 1890இல் அவர் தாம் வளர்த்த முயலைப் பார்த்து வரைந்த படங்களை வாழ்த்து அட்டைக்காக 6 பவுணுக்கு விற்றார். 1893இல் நோயுற்ற சிறுவன் ஒருவனுக்குப் படக்கதையாக ஒரு கடிதம் எழுதினார். அதிலே பிறந்ததே பீற்றர் முயல். சில ஆண்டுகளின் பின் அக்கடிதத்தை இரவலாகப் பெற்று, அதனையே நூலாக விரித்தார். பதிப்பாளர் பலர் மறுக்கவே, 1901இல் தம் செலவிலேயே 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த ஆண்டு பிரெடெறிக் வோண் நிறுவனத்தார் அதனை வெளியிட்டனர்.

பிறர் நூலின் வெற்றியோடு அமைந்திருப்பர். அம்மையாரோ 1903இல் தம் கையாலேயே முயற்பொம்மை ஒன்று தைத்து, அதன் உருவமைப்பைக் காப்புரிமை அலுவலகத்திற் பதிவு செய்தார். தொடர்ந்து பலகை விளையாட்டு, சுவர்த்தாள், நிறந்தீட்டும் புத்தகம் எனத் தம் சித்திரம் புகத்தக்க வாயில்களைத் தாமே எண்ணி வகுத்தார். ஆனால் முதல் நூலின் பதிப்புரிமையைப் பதிப்பாளர் அமெரிக்காவிற் பதியாது விட்டனர். அங்கே திருட்டுப் பதிப்புகள் மலிந்தன. அவற்றால் அம்மையாருக்கு ஒரு சதமேனுங் கிட்டவில்லை. ஒரே சித்திரம், காத்தவிடத்து விளைந்தது, காவாதவிடத்துக் களவு போயிற்று. அவர் 1943இல் இறக்கும்போது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நாஷனல் றஸ்ற் என்னும் அறநிறுவனத்துக்கு விட்டுச்சென்றார்.

இனி, முன்னோக்கு எங்ஙனம் அமைதல் வேண்டும்? முதலாவது, காலம். நத்தாருக்குக் கடைக்கு வரும் அட்டையின் சித்திரம் ஓராண்டு அல்லது அதற்கும் முன்னரே தீட்டப்பட வேண்டும். பண்டிகை வந்தபின் தூரிகை எடுப்பவன் பந்தி முடிந்தபின் இலை தேடுபவனாவான். இரண்டாவது, தொகுதி. வணிகர் தனிப்படத்திலும், ஒரே கருத்தில் ஒன்றோடொன்று இயையும் படவரிசையையே விரும்புவர். மூன்றாவது, சேமிப்பு. பழைய வரைவுகளை எறியாது, திகதியிட்டு வைத்தல் நன்று. பத்தாண்டின் பின் அவை எதற்கு உதவுமென எவரறிவார்? நான்காவது, எழுத்து. எவ்வுரிமை கொடுக்கப்பட்டது, எது கொடுக்கப்படவில்லை என்பதைக் கையொப்பமிடுமுன் ஏட்டிற் காணவேண்டும்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஓவியனின் வாழ்நாளிலும் அதன்பின் 70 ஆண்டும் அவன் பதிப்புரிமையைக் காக்கின்றது. சட்டம் வேலி, பயிரிடுவோன் ஓவியனே. வேலியைத் தன் கையாற் பிடுங்கிக் கொடுப்பவனைச் சட்டமும் காத்தல் அரிது.

மாணவ நண்பர்களே! உங்கள் சித்திரத்தை விரும்பிப் பணம் நீட்டுவோர் வருவர். வாங்குமுன் ஒரு வினா வினவுங்கள்: கொடுப்பது நெல்லா, விதைநெல்லா? அவ்வினாவுக்கு விடை கண்டபின் கையொப்பமிடுவீராக.