குருத்தெலும்புத் தேய்வை அறிய இராமன் நிறமாலையியல்

மூட்டுக் குருத்தெலும்பில் ஏற்படும் தேய்வையும் சேதத்தையும் அதன் வேதிக்கட்டமைப்பில் நிகழும் மாற்றங்களைக் கொண்டு கண்டறிய இராமன் நிறமாலையியல் பயன்படுத்தப்படுகிறது. ச. வெ. இராமனும் கா. சீ. கிருஷ்ணனும் 1928 ஆம் ஆண்டு கொல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவே இம்முறையின் அடிப்படையாகும்.

குருத்தெலும்பின் சிக்கல்

முழங்கால் போன்ற மூட்டுகளில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிப்பே உடையது. இதன் எடையில் பெரும்பகுதி நீர். எஞ்சியதில் இரண்டாம் வகைக் கொலாசன் இழைகளும், அவற்றினிடையே நீரைப் பிடித்துவைக்கும் புரோட்டியோகிளைக்கன்களும் முதன்மையானவை. கொலாசன் வலையாகவும் புரோட்டியோகிளைக்கன் அவ்வலைக்குள் ஊறிய பஞ்சாகவும் செயல்படுகின்றன எனலாம். இவற்றுள் பஞ்சு குறைந்தால் நீர் அழுத்தம் தாங்காது. சுமை முழுவதும் வலையின் மீது விழும்.

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. எனவே அது எளிதில் ஆறுவதில்லை. தேயத் தொடங்கும்போது வலிப்பதும் இல்லை. எக்சு கதிர்ப் படத்தில் குருத்தெலும்பு தெரியாது, எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளி மட்டுமே தெரியும். அவ்விடைவெளி சுருங்கியது தெரியும்போது இழப்பு பெரிதாகியிருக்கும். மூட்டு அகநோக்கியால் பார்க்கும் மருத்துவர் மேற்பரப்பின் தோற்றத்தையும், கருவியால் அழுத்தும்போது உணரும் மென்மையையும் வைத்தே தரம் பிரிக்கிறார். சிறு துண்டு வெட்டிச் சாயமேற்றிப் பார்ப்பது துல்லியமானதுதான். ஆனால் ஆறாத திசுவில் வெட்டுவதே ஒரு சேதம்.

ஒளி சொல்வது என்ன

திசுவின் மீது ஒற்றை நிற லேசர் ஒளி விழும்போது மிகப்பெரும்பகுதி நிறம் மாறாமலே சிதறுகிறது. பல இலட்சம் ஒளியன்களில் ஒன்று மட்டும் மூலக்கூற்றின் அதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்துவிட்டு அலைநீளம் மாறி வெளிவருகிறது. எடுத்துக்காட்டாக, 785 நானோமீட்டர் ஒளி சல்பேட்டுத் தொகுதியில் பட்டுச் சிதறும்போது ஏறத்தாழ 856 நானோமீட்டர் ஒளியாகிறது. இந்த வேறுபாடு அலையெண்ணில் சுமார் 1063 செ.மீ⁻¹ ஆகும். புரோட்டியோகிளைக்கனில் உள்ள காண்ட்ராய்ட்டின் சல்பேட்டு இவ்விடத்தில்தான் தன்னைக் காட்டுகிறது. இம்முகடு தாழ்ந்தால் பஞ்சு கரைகிறது என்று பொருள்.

கொலாசனுக்கு வேறு முகடுகள் உள்ளன. 856, 876 செ.மீ⁻¹ அருகில் ஐதராக்சிபுரோலினும் 921 அருகில் புரோலினும் தோன்றுகின்றன. 1245, 1270 செ.மீ⁻¹ ஆகிய இரு அமைடு முகடுகளின் விகிதம் இன்னும் பயனுள்ளது. கொலாசனின் முறுக்கிழை அமைப்பு குலையும்போது முதல் முகடு இரண்டாவதைவிட ஓங்குகிறது. அளவு குறையாமல் ஒழுங்கு மட்டும் கெட்டிருந்தாலும் இது காட்டிக்கொடுக்கும். 960 செ.மீ⁻¹ இல் வருவது எலும்புக் கனிமத்தின் பாசுபேட்டு முகடு. குருத்தெலும்பு மெலிய மெலிய அடியிலுள்ள எலும்பிலிருந்து இம்முகடு வலுவாக எழுகிறது. ஆகவே தடிப்பை மதிப்பிடவும் உதவுகிறது.

அகச்சிவப்பு நிறமாலையியலை நீர் பெரிதும் குழப்பும். இராமன் சிதறலில் நீரின் குறிகை வலுவற்றது. நீரில் ஊறிய திசுவை உலர்த்தாமல் அப்படியே ஆராய முடிவது இதனால்தான்.

இடர்ப்பாடுகள்

திசுவின் இயல்பான ஒளிர்வு இராமன் குறிகையை மூழ்கடிக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குப் பதில் 785 நானோமீட்டர் போன்ற அண்மை அகச்சிவப்பு லேசர் தேர்ந்தெடுக்கப்படுவது இதைக் குறைக்கவே. மீதியைக் கணக்கீட்டால் நீக்குகின்றனர். அகநோக்கி வழியே உட்செலுத்தும் ஒளியிழை ஆய்வுகோலில் மற்றொரு தொல்லை உண்டு: இழையின் சிலிக்காவே இராமன் ஒளியை உமிழும், அதை வடிகட்ட வேண்டும். முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதும் உண்டு. எலும்புக் கனிமத்தின் கார்பனேட்டு 1070 செ.மீ⁻¹ அருகில் வருவதால், குருத்தெலும்பு மெலிந்த இடத்தில் சல்பேட்டு முகட்டை அப்படியே நம்பிவிட முடியாது. அதனால் தனி முகட்டை விடுத்து நிறமாலை முழுவதையும் பன்மாறிப் புள்ளியியலால் ஒப்பிடுவதே பாதுகாப்பானது.