பக்கம் திருப்ப மூணாவது கை வேணுமா?



மேல்நாட்டு இசையை ஐந்து கோடு போட்டு எழுதுவார்கள். கோட்டில் புள்ளி மேலே போனால் சுரம் ஏறும், கீழே வந்தால் இறங்கும். அந்தக் காலத்தில் இதை உலோகத் தகட்டில் கையால் செதுக்கி அச்சடித்தார்கள். இப்போது சிபேலியஸ், மியூஸ்ஸ்கோர் போன்ற கணினி மென்பொருள்கள் உள்ளன. மியூஸ்ஸ்கோர் இலவசம். கோழிக் கிறுக்கல் கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்!

ஆனால் எழுத்து அழகாக இருந்தால் மட்டும் போதாது. இடைவெளியும் முக்கியம். நீண்ட சுரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் வேண்டும். இரண்டு மடங்கு நீளம் என்பதற்காக இரண்டு மடங்கு இடம் விட்டால் கண் தடுமாறும். கணினியில் அச்சான தாள்கள் பழைய செதுக்கல் மாதிரி இல்லையே என்று நெதர்லாந்தைச் சேர்ந்த இருவர் 1996-இல் லிலிபாண்ட் என்ற மென்பொருளையே தொடங்கினார்கள்.

என் கதையைக் கேளுங்கள். போன கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் கீபோர்டு வாசித்தேன். மாமா கணினியில் அடித்துத் தந்த தாள். பளிச்சென்று இருந்தது. ஆனால் ரெண்டு கையும் ஓடுற இடத்துல பக்கம் முடிஞ்சிடுச்சு! திருப்புவதற்குள் எல்லாரும் அடுத்த அடிக்குப் போயிட்டாங்க. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு மாமாவும் நானும் உட்கார்ந்து, கைக்கு ஓய்வு வரும் இடத்தில் பக்கத்தை முடித்தோம். ஈஸ்டருக்குத் தடங்கல் இல்லை.

கணினி எழுதித் தரும். வாசிக்கிறவரின் கண்ணையும் கையையும் நாம்தான் நினைக்கணும். நம்ம விடைத்தாளுக்கும் இது பொருந்தும்தானே?



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி